முந்தின அதிகாரம்

வருஷக் கடைசி ராத்திரியில் எங்கள் ஊர்க் கோவிலில் உட்கார இடம் கிடைக்காது. சென்னையிலும் மும்பையிலும் கடை வைத்திருப்பவர்களும் அவர்களிடம் வேலைக்குப் போனவர்களும் கிறிஸ்துமஸுக்கு ஊர் வந்து, புது வருஷம் பிறந்த பிறகுதான் ரயில் ஏறுவார்கள். பன்னிரண்டு மணிக்குக் கோவில் மணி அடித்து, ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லி முடித்ததும் வாக்குத்தத்த அட்டைகள் வரும். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு வசனம். கண்ணை மூடி ஜெபித்துவிட்டுத் தட்டிலிருந்து ஒன்றை எடுக்க வேண்டும். கையில் வருவது அந்த வருஷத்துக்கான தேவ வாக்கு. சிலர் அதைப் பைபிளுக்குள் வைத்துக்கொள்வார்கள். சிலர் வீட்டு நிலைக்கு மேலே ஒட்டுவார்கள்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதவிருந்த வருஷம் எனக்கு எரேமியா 29:11 வந்தது. தம்முடைய ஜனங்களைப் பற்றிக் கர்த்தர் நல்லதையே நினைத்திருக்கிறார், அவர்கள் காத்திருந்ததைக் கொடுப்பார் என்று சொல்லும் வசனம். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆச்சி அட்டையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பெரியப்பா மட்டும் வாசித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

“நல்ல வசனம்ல. அதுக்கு முந்தின அதிகாரத்த வாசிச்சியா?”

பெரியப்பா எங்கள் ஊர் உபதேசியார். சேகரத்தில் இருந்த எல்லாக் கோவில்களையும் குருவானவரான ஐயர் ஒருவரே பார்க்க வேண்டியிருந்ததால், எங்கள் ஊருக்குத் திருவிருந்து ஞாயிறுக்கு மட்டும் வருவார். மற்ற ஞாயிறுகளில் பிரசங்கம் பெரியப்பாவுடையது. அவர் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுபோனது. கிரேக்கும் எபிரெயுவும் தெரியாது. கையில் இருந்தது ஒரு பழைய பைபிள், ஓர் ஒத்தவாக்கிய அகராதி, கோடு போட்ட நோட்டுகள். அல்மனாக்கைப் பார்த்து அடுத்த ஞாயிற்றுக்கான பாடத்தைத் திங்கட்கிழமையே எடுத்துவிடுவார். பாடம் எந்தப் புத்தகத்திலிருந்து வருகிறதோ அந்தப் புத்தகத்தை முதலிலிருந்து சத்தமாக வாசிப்பார். வியாழக்கிழமை வரை ஒரு வரியும் எழுதமாட்டார்.

அன்றைக்கு என்னைத் திண்ணையில் உட்கார வைத்து 28-ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார். நேபுகாத்நேச்சார் யூதாவின் ராஜாவையும் ஜனங்களில் ஒரு பகுதியையும் பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போய்விட்ட காலம். எரேமியா கழுத்தில் மர நுகத்தோடு, இந்த அடிமைத்தனம் இப்போதைக்குத் தீராது என்று சொல்லிக்கொண்டு நடக்கிறார். ஆலயத்தில் ஆசாரியரும் ஜனங்களும் கூடியிருக்கும்போது அனனியா என்ற தீர்க்கதரிசி எழுந்து, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்ப வரும் என்கிறான்: ராஜா வருவார், ஜனங்கள் வருவார்கள், கொள்ளைபோன ஆலயப் பாத்திரங்களும் வந்து சேரும். எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தைப் பிடுங்கி எல்லோர் முன்பும் உடைத்துக் காட்டுகிறான். இதில் என்னைத் தொட்ட இடம், எரேமியா முதலில் ஆமென் சொல்வதுதான். அப்படி நடந்தால் நல்லது என்ற ஏக்கம் அவருக்கும் இருந்தது. ஆனால் தன் ஏக்கத்தைக் கர்த்தருடைய வார்த்தையாக்க அவர் துணியவில்லை.

29-ஆம் அதிகாரம் எரேமியா பாபிலோனுக்கு எழுதிய கடிதம். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கிறது. திரும்பி வர 70 வருஷம் ஆகும் என்கிறது 10-ஆம் வசனம். அதற்கு அடுத்த வசனம்தான் என் அட்டையில் இருந்தது.

“இந்தக் கடுதாசிய வாசிச்ச பெரியவங்கள்ல முக்காவாசிப் பேரு அந்த நல்ல காலத்தப் பாக்காமலே பாபிலோன்ல செத்திருப்பாங்க. அவங்களுக்கும் இது வாக்குத்தத்தந்தான். எப்படின்னு யோசி” என்றார் பெரியப்பா. விடையைச் சொல்லவில்லை.

அட்டையைக் கிழிக்கச் சொல்லவுமில்லை. அதை நான் பைபிளில் அதே இடத்தில் வைத்துக்கொண்டேன். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு ஒரு வசனத்தை அது இருக்கும் கடிதத்திலிருந்தும் அதைப் பெற்ற ஜனங்களிடமிருந்தும் பிரித்து வாசிக்க என்னால் முடிந்ததில்லை.

அந்தக் காலத்தில் கோடை விடுமுறையில் எங்கள் பக்கத்தில் கன்வென்ஷன் கூட்டங்கள் நடக்கும். பனையோலைப் பந்தல், குழல் விளக்கு, லாரி லாரியாய் ஜனம். ஒரு கூட்டத்தில் பெயர்பெற்ற பிரசங்கியார் தாவீதும் கோலியாத்தும் என்ற பகுதியை எடுத்துப் பேசினார். தாவீது பொறுக்கிய ஐந்து கூழாங்கல்லும் வெற்றிக்கான ஐந்து வழிகள் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். உன் கோலியாத் உன் கடன், உன் வியாதி, உன் எதிராளி என்றார். ஜனம் எழுந்து நின்று அல்லேலூயா முழங்கியது. நானும் நின்றேன். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது பெரியப்பா கேட்டார்: “இயேசு சாமி சிலுவையில சாகாமலே இருந்திருந்தாலும், உயிர்த்தெழாமலே இருந்திருந்தாலும், இந்தப் பிரசங்கத்த ஒரு வார்த்த மாத்தாம செஞ்சிருக்கலாம்லா?”

பிறகு அந்தப் பகுதியை அவர் எனக்கு வேறு விதமாகக் காட்டினார். ஏலா பள்ளத்தாக்கில் நாம் தாவீதாக நிற்கவில்லை. நாற்பது நாள் பயந்து நடுங்கி நின்ற இஸ்ரவேல் சேனையில் ஒருவராக நிற்கிறோம். நமக்காக ஒருவர் தனியாகப் போகிறார். அவர் ஜெயித்தது எல்லோருடைய ஜெயமாகிறது. அதன் பிறகுதான் சேனை ஆரவாரித்து எழும்புகிறது. பெத்லெகேமிலிருந்து வந்த அந்த மேய்ப்பனைப் பார்த்தவன் அவருடைய வம்சத்தில் வரப்போகிறவரைப் பார்க்காமல் தாண்டக்கூடாது என்பார். தைரியமாயிருங்கள் என்று பெரியப்பாவும் பிரசங்கித்திருக்கிறார். ஆனால் அவருடைய பிரசங்கத்தில் அந்தத் தைரியம் ஏற்கெனவே நடந்து முடிந்த ஒன்றிலிருந்து வரும்.

இதுவே சுவிசேஷத்தின் உயிர்நாடி என்று நான் விசுவாசிக்கிறேன். கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 15-ஆம் அதிகாரத்தில் பவுல் அதைச் சுருக்கித் தருகிறார்: கிறிஸ்து நம்முடைய பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் எழுந்தார், எல்லாம் வேதவாக்கியங்களின்படி நடந்தது. தான் பெற்றுக்கொண்டதையே ஒப்புவித்ததாகவும் சொல்கிறார். தேவன் என்ன செய்தார் என்ற செய்தியை வாங்கி, வாங்கியபடியே கையளிப்பது பிரசங்கியின் வேலை. நாம் என்ன செய்ய வேண்டும் என்பது அந்தச் செய்திக்குப் பின்னால், அதிலிருந்தே வர வேண்டும்.

குருத்துவப் பயிற்சிக்காக இறையியல் கல்லூரிக்குப் புறப்பட்டபோது, அங்கே போனால் விசுவாசம் போய்விடும் என்று ஊரில் சிலர் பயமுறுத்தினார்கள். வேதத்தின் ஒவ்வொரு புத்தகமும் எந்தக் காலத்தில், எந்த நெருக்கடியில், யாருக்காக எழுதப்பட்டது என்று அங்கே கற்றுத் தந்தார்கள். எனக்கு அது திண்ணைப் பாடத்தின் தொடர்ச்சியாக இருந்தது. அசீரியரையும் பாபிலோனியரையும் அறிந்துகொண்ட பிறகு தீர்க்கதரிசிகளின் குரல் கூடுதலாகவே உறைத்தது. அந்தக் கல்விக்காக இன்றும் தேவனை ஸ்தோத்திரிக்கிறேன்.

ஆனாலும் ஒரு வகுப்பு எனக்குள் தங்கிவிட்டது. உயிர்த்தெழுதல் என்பது சீஷர்களின் உள்ளத்தில் எழுந்த நம்பிக்கை, கல்லறை காலியாயிருந்ததா என்பது முக்கியமில்லை என்ற கருத்து அன்று விவாதத்துக்கு வந்தது. நான் அதே 15-ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்திருந்தேன். பவுல் அங்கே சாட்சிகளை வரிசைப்படுத்துகிறார்: கேபா, பன்னிருவர், ஒரே வேளையில் 500-க்கும் மேற்பட்ட சகோதரர், யாக்கோபு. அந்த 500 பேரில் அநேகர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்கிறார். சந்தேகமிருந்தால் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்பதுதானே அதற்கு அர்த்தம்? உள்ளத்தில் எழுந்த நம்பிக்கைக்குச் சாட்சிகள் தேவையில்லை. கிறிஸ்து எழுந்திருக்கவில்லை என்றால் எங்கள் பிரசங்கமும் வீண், உங்கள் விசுவாசமும் வீண் என்று பவுலே ஒப்புக்கொள்கிறார். அவர் எல்லாவற்றையும் அந்த ஒரு நிகழ்ச்சியின் மேல் வைத்துவிட்டார்.

பனையோலைப் பந்தலும் அந்த வகுப்பறையும் ஒன்றுக்கொன்று வெகுதூரம். பந்தலில் வேதத்தின் ஒவ்வொரு எழுத்தும் சத்தியம் என்பார்கள்; வகுப்பறையில் ஒவ்வொரு எழுத்தையும் ஆராய்வார்கள். ஆனால் நடந்த செய்தி இரண்டு இடத்திலும் பின்னுக்குப் போனது. ஓரிடத்தில் வெற்றிக்கான வழிகளும் மற்ற இடத்தில் உயர்ந்த கருத்துகளும் முன்னுக்கு வந்தன. சுவிசேஷத்தை எதிர்த்துப் பேசினால்தான் அதை விட்டு விலகியதாகும் என்று அதுவரை நினைத்திருந்தேன். அதை வாயால் அறிக்கையிட்டுக்கொண்டே வேறொன்றால் ஜனங்களைப் போஷிக்கவும் முடியும் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

கல்லூரி நூலகத்தில்தான் லோசான் உடன்படிக்கையை வாசித்தேன். 1974 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பில்லி கிரகாமின் முயற்சியால் உலக சுவிசேஷ மாநாடு கூடியது. 150-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்திருந்தார்கள். உடன்படிக்கையை வரைந்த குழுவுக்கு ஜான் ஸ்டாட் தலைமை வகித்தார். கிறிஸ்து ஒருவரே இரட்சகர் என்பதையும் வேதத்தின் அதிகாரத்தையும் விட்டுக்கொடுக்காத அந்த அறிக்கை, சுவிசேஷத்தை அறிவிப்பதும் சமூக நீதிக்காக உழைப்பதும் கிறிஸ்தவக் கடமையின் இரண்டு பகுதிகள் என்று சொல்லி, சமூகக் கடமையைப் புறக்கணித்ததற்காக மனம் வருந்துவதாகவும் அறிக்கையிட்டது. சுவிசேஷப் பற்றுள்ளவர்கள் நீதியைப் பற்றிப் பேசமாட்டார்கள் என்றும், நீதியைப் பற்றிப் பேசுபவர்களுக்கு மனந்திரும்புதல் தேவைப்படாது என்றும் இரண்டு பக்கமும் கேட்டுக் களைத்திருந்த எனக்கு, அது தண்ணீர்ப் பந்தலைக் கண்டது போல இருந்தது. அதே இயக்கம் 2010-இல் கேப் டவுனில் கூடியபோது செழிப்பு உபதேசத்தை வெளிப்படையாகக் கண்டித்தது.

சேகரப் பொறுப்புக்கு வந்த பிறகுதான் இவையெல்லாம் எவ்வளவு பெரிய காரியம் என்று நேரில் கண்டேன். எங்கள் சபையில் ஒருவர், லாரி ஓட்டுநர். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, டயாலிசிஸில் இருந்தார். வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் போனில் ஜெபித்து, பூரண சுகம் கிடைத்துவிட்டது, விசுவாசித்து விதைக் காணிக்கை அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கிறார். ஓட்டுநரின் மனைவி வளையலை விற்று அனுப்பினாள். சுகம் வரவில்லை. வீட்டில் மறைவான பாவம் இருக்கிறது, அல்லது விசுவாசக் குறைவு என்று அடுத்த போனில் பதில் வந்தது.

நான் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி: “ஐயா, எனக்கு விசுவாசம் பத்தலையோ?”

வியாதியஸ்தருக்காக நான் ஜெபிக்கிறவன். யாக்கோபு சொன்னபடி எண்ணெய் பூசி ஜெபித்திருக்கிறேன். கர்த்தர் சுகமாக்கியதையும் கண்டிருக்கிறேன். அவருக்காகவும் அப்படியே ஜெபித்தேன். ஆனால் பவுல் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடே விட்டுவந்ததையும், தன் மாம்சத்தின் முள்ளுக்காக மூன்று முறை வேண்டியும் அது நீங்காததையும், தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்கு அவர் மருந்து சொன்னதையும் வாசித்துக் காட்டினேன். இவர்களுக்கெல்லாம் விசுவாசக் குறைவு என்று யார் சொல்வது? எங்கள் மண்ணிலேயே ஒரு சாட்சி உண்டு. டோனாவூரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குத் தாயாயிருந்த ஏமி கார்மைக்கேல் அம்மா 1931-இல் கீழே விழுந்து அடிபட்டார். 1951 ஜனவரியில் தேவனிடம் போய்ச் சேரும் வரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் படுக்கையும் அறையுமாகவே இருந்தார். அந்தக் கட்டிலிலிருந்துதான் அவருடைய பல புத்தகங்கள் வந்தன. அவருடைய சரீரம் குணமாகவில்லை. அவர் பிரசங்கித்த சுவிசேஷம் அதனால் பொய்யாகவுமில்லை.

இன்னொரு நாள் யோவான் 11-ஆம் அதிகாரத்தை வாசித்துக்கொண்டிருந்தோம். லாசரு உயிரோடு வெளியே வந்த இடத்தில் அந்த ஓட்டுநர் என்னை நிறுத்தினார்.

“ஐயா, இந்த லாசரு பொறவு ஒருநாள் மறுபடியும் செத்துத்தானே இருப்பாரு?”

“ஆமா.”

“அப்ப சொகமானா மட்டும் பத்தாது. சாகாத ஒருத்தரு கூட இருக்கணும்.”

மருத்துவமனைக் கட்டிலில் அந்த மனிதர் கண்டுகொண்டதைக் கேட்டபோது, பாபிலோனில் செத்துப்போன பெரியவர்களுக்கும் அந்த வசனம் எப்படி வாக்குத்தத்தமாகும் என்ற கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது. மரணம் தொட முடியாத இடத்தில் தேவன் தம் வாக்கைக் காப்பாற்றுகிறார். அந்த இடம் கிறிஸ்துவின் உயிர்த்தெழுதல். சில வாரங்களில் அவர் காலமானார். அடக்க ஆராதனையில் அந்த யோவான் பகுதியையே பிரசங்கித்தேன். அவர் சொன்னதையும் சொன்னேன். விசுவாசக் குறைவால் போனார் என்று யாரும் அவர் மனைவியிடம் சொல்லிவிடக் கூடாது என்பதில் அந்தத் தெருவே உறுதியாக நின்றது.

சுவிசேஷத்துக்கு உண்மையாயிருப்பது இதோடு முடிந்துவிடுகிறதா என்றால் இல்லை. உபதேசத்தில் ஒரு புள்ளி தவறாமல் இருந்துகொண்டே சுவிசேஷத்தை மறுதலிக்க முடியும். புதன்கிழமை வேதபாடத்தில் கலாத்தியரைத் தொடர்ச்சியாக எடுத்துக்கொண்டிருந்தேன். முதல் அதிகாரத்தில், வானத்திலிருந்து வரும் தூதனே வேறொரு சுவிசேஷத்தைச் சொன்னாலும் ஏற்கக்கூடாது என்று பவுல் கொதிக்கிறார். அதைச் செழிப்பு உபதேசத்தோடு ஒப்பிட்டுப் பேசியபோது எல்லோரும் தலையசைத்தார்கள். அடுத்தது இரண்டாம் அதிகாரம். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாக்கோபிடத்திலிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிப்போனார். பர்னபாவும் கூடப் போனார். பேதுரு அங்கே தவறான பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. பந்தியை விட்டு எழுந்து போனார். ஆனால் சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்றபடி நடக்கவில்லை என்று பவுல் எல்லோர் முன்பும் அவரைக் கண்டித்தார்.

அந்த வாரம் சபையின் மூப்பர் ஒருவர் குருமனைக்கு வந்தார். நல்ல மனிதர், காலையும் மாலையும் வேதம் வாசிப்பவர்.

“ஐயா, ரெண்டாவது அதிகாரத்த லேசாத் தொட்டுட்டு மூணுக்குப் போயிரலாமே. ஆபிரகாமின் ஆசீர்வாதம் அங்கதான வருது.”

அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். திருவிருந்தில் மேலத்தெருக்காரர்கள் முதலில் பந்திக்கு வந்து போன பிறகே கீழத்தெருக்காரர்கள் எழுந்து வருவார்கள். அசனம் என்னும் சபை விருந்தில் சமைப்பதும் பரிமாறுவதும் ஒரே பக்கத்தாரின் உரிமை. யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. இது எங்கள் சபையில் மட்டும் முளைத்ததுமல்ல. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இலேயே தென்னிந்தியச் சபைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பி, சாதி வேற்றுமையைச் சபைக்குள் உடனடியாகவும் முழுமையாகவும் விட்டுவிட வேண்டும் என்றார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் அதை எதிர்த்துப் பலர் சபையை விட்டே விலகினார்கள். கிருபையால் இரட்சிப்பு என்று அவர்களும் பாடினார்கள், பிரசங்கித்தார்கள். ஒரே பாத்திரத்திலிருந்து பருக மட்டும் மனமில்லை.

மூப்பரிடம் நான் சொன்னேன்: “ஐயா, மூணாவது அதிகாரத்துக்கு வழி ரெண்டாவது அதிகாரத்துல இருக்கு. பேதுரு பந்தியில செஞ்சத வச்சுத்தான் பவுல் விசுவாசத்தினாலே நீதிமான் ஆகறதப் பேச ஆரம்பிக்காரு.”

வேதபாடம் நடந்தது. பெயர் சொல்லாமல், ஆனால் மறைக்காமலும் பேசினேன். கிறிஸ்துவின் நீதி மட்டுமே நம்மைத் தேவனுடைய பந்தியில் உட்கார வைக்கிறது என்றால், அதே பந்தியில் வேறொரு தகுதியைக் கேட்பவன் கிறிஸ்து வீணாக மரித்தார் என்றல்லவா சொல்கிறான் என்று கேட்டேன். அந்த அதிகாரம் முடிவதும் அந்த இடத்தில்தான். சில குடும்பங்கள் கொஞ்ச காலம் வரவில்லை. சபை மன்றத்தில் கடுமையான பேச்சு எழுந்தது. அந்த மூப்பர் எழுந்து, வேதத்தில் இருப்பதைத்தானே ஐயர் சொன்னார் என்றார். அடுத்த அசனத்தில் பரிமாறுவோர் பட்டியலில் கீழத்தெரு வாலிபர்களின் பெயர்கள் இருந்தன. பட்டியலை எழுதியது அந்த மூப்பர்தான். எல்லாம் அத்தோடு சரியாகிவிடவில்லை. ஆனால் அந்தப் பந்தியில் சோறு பரிமாறப்பட்டபோது, நான் பிரசங்கித்த கலாத்தியர் 2-ஆம் அதிகாரம் அங்கே நடப்பதைக் கண்டேன்.

இப்போது வாலிப ஊழியர்கள் பிரசங்கம் தயாரிப்பது பற்றி என்னிடம் கேட்க வருகிறார்கள். ஜனங்கள் ஆசீர்வாதச் செய்தியைத்தான் எதிர்பார்க்கிறார்கள், இல்லாவிட்டால் பக்கத்துக் கூடாரத்துக்குப் போய்விடுகிறார்கள் என்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. காலியான பெஞ்சுகளைப் பார்த்துப் பேசுவது சுலபமில்லை. அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வேதப்புத்தகங்களைத் தொடர்ச்சியாகப் பிரசங்கியுங்கள். பிடித்த வசனத்தைத் தேர்ந்தெடுக்கும் சுதந்தரம் நம் கையில் இருக்கும்வரை நாம் பேச விரும்பாததை வேதமும் பேசாது. ஒரு புத்தகத்தை முதலிலிருந்து எடுத்துச் சென்றால், நாம் தாண்டிப்போக நினைத்த அதிகாரம் தானாக முன்னால் வந்து நிற்கும். எந்தப் பகுதியாயிருந்தாலும் அது கிறிஸ்துவின் மரணத்தோடும் உயிர்த்தெழுதலோடும் எங்கே சேர்கிறது என்று காணும் வரை பிரசங்க பீடத்தில் ஏறாதீர்கள். பிறகு, சொன்னது உங்கள் சபையின் பந்தியில் உண்மையாகிறதா என்று பாருங்கள்.

நமக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் அந்த வாரமே டாக்டரிடமிருந்து கெட்ட செய்தி கேட்கப் போகிறார். இன்னொருவர் வாழ்நாள் முழுக்கக் கடைசி வரிசையில் உட்கார வைக்கப்பட்டவர். அந்த இருவருக்கும் நம் சொந்தச் சரக்கில் கொடுக்க ஒன்றுமில்லை. மரித்தவர் எழுந்தார், அவர் பந்தியில் எல்லோருக்கும் ஒரே இடம் என்ற செய்தி இருக்கிறது. அது உண்மை. அதைக் குறைக்காமல் கொடுத்தால் போதும்.